அட்டை வந்தது, வரைபடம் வரவில்லை

மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தான் மாநிலம் சூரத்கரில் தொடங்கப்பட்டது. 2015 முதல் 2017 வரையிலான முதல் சுற்றில் சுமார் இரண்டரைக் கோடி மண் மாதிரிகள் எடுக்கப்பட்டு, 10 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள் உழவர்களுக்குத் தரப்பட்டன. அடுத்த சுற்றிலும் 10 கோடிக்கு மேல் அட்டைகள் போயின. இந்திய மண்ணைப் பற்றி இத்தனை எண்களை அரசு அதற்கு முன் ஒருபோதும் திரட்டியதில்லை. பொதுமக்களின் வரிப்பணத்தில் திரட்டிய அந்த அறிவு பொதுமக்களுக்கு எந்த வடிவில் திரும்பிவருகிறது என்பதைத்தான் இங்கே எடைபோட வேண்டியிருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அட்டை ஒரு நல்ல தொடக்கம். அதை வீண்செலவு என்று ஒதுக்குவது நியாயமாகாது. ஆனால், பருவத்துக்குப் பருவம் மாறும் எண்களைக் கோடிக்கணக்கில் அச்சிட்டுக் கொடுத்த அரசு, தலைமுறைகள் கடந்தும் மாறாத மண்ணின் இயல்பைக் காட்டும் வரைபடத்தை இன்னும் முழுமையாகப் பொதுச்சொத்தாக்கவில்லை. முதலில் திறந்துவிட்டிருக்க வேண்டியது வரைபடத்தைத்தான்.

இரண்டு வகைத் தரவுகள்

மண்ணைப் பற்றிய தரவில் இரண்டு வகை உண்டு. முதலாவது, மண் ஆய்வு. ஆய்வாளர்கள் நிலத்தில் நடந்து, ஆழமாகக் குழி வெட்டி, அடுக்கு அடுக்காகப் பார்த்து எழுதுவது இது. மண்ணின் ஆழம், மணலும் வண்டலும் களியும் கலந்திருக்கும் விகிதம், சரளை, சரிவு, வடிகால், நீரைப் பிடித்துவைக்கும் திறன், அடியில் சுண்ணாம்புப் படிவமோ பாறையோ எங்கே தொடங்குகிறது என்ற விவரம் எல்லாம் இதில் அடங்கும். ஒரு மனித ஆயுளுக்குள் இவை பெரிதாக மாறுவதில்லை. ஒத்த குணமுள்ள மண்ணை ஒரு தொடராக வகுத்து, பொதுவாக ஓர் ஊரின் பெயரை அதற்குச் சூட்டுவார்கள். கோவை வட்டாரத்தில் செம்மண்ணுக்கு இருகூர் தொடர், கரிசலுக்குப் பீளமேடு தொடர், காவிரிப் பாசனப் பகுதியில் களத்தூர், ஆதனூர், படுகைத் தொடர்கள் என்று தமிழ்நாட்டு மண்ணும் இப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது, மண் பரிசோதனை. வயலில் சில இடங்களில் ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் குழி எடுத்து, மேல்மண்ணைச் செதுக்கிச் சேர்த்து, கால்பங்காக்கிக் கழித்து, மிஞ்சிய அரைக் கிலோவை ஆய்வகத்துக்கு அனுப்புவது. மண்வள அட்டை தருவது இந்த வகைத் தரவைத்தான். தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன், அங்ககக் கரிமம் என 12 அளவுகள். இவற்றில் கார அமில நிலையும் கரிமமும் மெல்ல மாறும். தழைச்சத்தோ ஒரு கனமழையிலும் ஓர் அறுவடையிலும் மாறிவிடும்.

இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. 1967-68 முதல் நாடு முழுவதும் நடந்துவரும் மண் பரிசோதனை, பயிர் மகசூல் தொடர்பு ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. பரிசோதனையில் கிடைத்த எண்ணை இத்தனை கிலோ உரம் என்று மாற்றும் சமன்பாடு பயிருக்குப் பயிர் மட்டுமல்ல, மண்ணுக்கு மண்ணும் வேறுபடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இத்தகைய சமன்பாடுகளை மண் தொடர் வாரியாகவே உருவாக்கியிருக்கிறது. ஆகவே நிலம் எந்தத் தொடரைச் சேர்ந்தது என்று தெரியாமல் சத்தின் எண்ணை மட்டும் வைத்திருப்பவரிடம் பாதி விடைதான் இருக்கிறது.

அட்டை சாதித்தது என்ன?

திட்டத்தின் நிறைகளை முதலில் பார்ப்போம். முதலாவது, அளவு. குஜராத் போன்ற மாநிலங்கள் 2003 வாக்கிலேயே மண்வள அட்டை வழங்கத் தொடங்கியிருந்தாலும், நாடு முழுமைக்கும் ஒரே 12 அளவுகள், ஒரே வடிவம், ஒரே இணையத் தொகுப்பு என்று வகுத்தது இந்தத் திட்டம்தான். முன்பெல்லாம் மாவட்டத் தலைநகரின் ஆய்வகப் பதிவேட்டில் கிடந்து மக்கிய எண்கள் இப்போது ஒப்பிடத்தக்க வடிவில் ஓரிடத்தில் சேர்கின்றன.

இரண்டாவது, நுண்ணூட்டம் பற்றிய விழிப்பு. உரம் என்றாலே யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ் என்று பழகிய இடத்தில், துத்தநாகமும் போரானும் உழவரின் பேச்சுக்குள் வந்திருக்கின்றன. நெல்லுக்குத் துத்தநாக சல்பேட் இடுவது பழைய பரிந்துரைதான். ஆனால் தன் வயலுக்கு அது தேவையா என்று எண்ணைக் காட்டிக் கேட்கும் வாய்ப்பை அட்டை கொடுத்தது.

மூன்றாவது, பயன். தேசிய உற்பத்தித்திறன் மன்றம் 2017இல் செய்த ஆய்வு, அட்டையின் பரிந்துரையைப் பின்பற்றிய இடங்களில் ரசாயன உரப் பயன்பாடு 8 முதல் 10 சதவீதம் குறைந்ததாகவும் மகசூல் 5 முதல் 6 சதவீதம் கூடியதாகவும் சொன்னது. பரிந்துரையைப் பின்பற்றியவர்கள் எத்தனை பேர் என்பது தனிக் கேள்வி. பின்பற்றினால் பலன் உண்டு என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

நான்காவது, திறப்பு. மாநிலம், மாவட்டம், ஊர் வாரியாகச் சத்து நிலையின் தொகுப்பை இணையத்தில் யாரும் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ‘தமிழ் மண் வளம்’ இணையமுகப்பில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கொடுத்தால் மண்வள விவரம் கிடைக்கிறது. தரவைப் பூட்டிவைப்பதே வழக்கமாக இருந்த நிர்வாக மரபில் இது சிறிய மாற்றமல்ல.

கட்டமும் காணியும்

குறைகளும் இதே அளவிலிருந்துதான் தொடங்குகின்றன. பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பது திட்டத்தின் கட்டக் கணக்கு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு 1.08 ஹெக்டேர். தமிழ்நாட்டில் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. தமிழ்நாட்டுப் பாசன நிலத்தில் ஒரு மாதிரி மூன்று நான்கு குடும்பங்களின் நிலத்துக்கும், மானாவாரியில் பதின்மூன்று குடும்பங்களின் நிலத்துக்கும் பேசுகிறது. முதல் சுற்றில் இரண்டரைக் கோடி மாதிரிகள் 10 கோடிக்கு மேற்பட்ட அட்டைகளாகப் பெருகியதன் கணக்கும் இதுதான்.

ஒரு வட்டாரத்தின் போக்கை அறிய இந்தக் கட்டம் போதுமானது. ஆனால் அட்டை உழவரின் பெயரோடும் புல எண்ணோடும் அச்சாகிறது. கையில் வாங்கியவர் அது தன் வயலின் எண் என்றே நம்புகிறார். வாய்க்கால் தலைமாட்டு வயலும் கடைமடை வயலும், ஆண்டுதோறும் கிடை போட்ட நிலமும் எருவே காணாத நிலமும் அட்டையில் ஒன்றாகிவிடுகின்றன. தொட்டடுத்த வயல்களின் மண் வெவ்வேறு என்று உழவருக்கு அனுபவத்தில் தெரியும். இரண்டுக்கும் ஒரே எண் வந்தால் அவர் அட்டையைத்தான் சந்தேகிப்பார். வட்டாரத் தரவைத் தனிநிலத் தரவாகக் காட்டியதே திட்டத்தின் முதன்மையான பிழை என்று நான் கருதுகிறேன். அது நேர்மையான எண்ணின் மீதும் நம்பிக்கையைக் கெடுக்கிறது.

அட்டையின் அறிவுரை உரக்கடையில் விலைப் பட்டியலோடு மோதவும் வேண்டியிருக்கிறது. மானியம் போக 45 கிலோ யூரியா மூட்டை சுமார் 267 ரூபாய். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய். தழைச்சத்தைக் குறை என்று அட்டை சொல்லும்போது, விலை அதையே கூட்டச் சொல்கிறது. தரவால் மட்டும் தீராத சிக்கல் இது. தரவு நம்பகமாக இல்லாவிட்டால் சிக்கல் இன்னும் இறுகும்.

தரவைப் பெறும் முறையிலும் குறை உண்டு. தொகுப்பைத் திரையில் பார்க்க முடிகிறது. மாதிரி எடுத்த இடம், எடுத்த நாள், ஆய்வகம், ஆய்வுமுறை ஆகியவற்றோடு மூலத் தரவை மொத்தமாக இறக்கிக்கொண்டு கணக்கிட வழியில்லை. மாவட்டத்தில் இத்தனை சதவீதம் மாதிரிகளில் துத்தநாகம் குறைவு என்று ஒரு பட்டை வரைபடம் சொல்கிறது. அந்தக் குறைவு எந்த ஆற்றுப்படுகையில், எந்த மண் தொடரில், எந்தப் பயிர்ச் சுழற்சியோடு சேர்ந்து வருகிறது என்று ஒரு கல்லூரி மாணவரோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ தேட முடிவதில்லை.

அட்டையில் இல்லாதவை

மண்ணின் ஆழம் அட்டையில் இல்லை. களி எவ்வளவு, மணல் எவ்வளவு என்பதும் இல்லை. நீர்ப்பிடிப்புத் திறன் இல்லை. மண்ணில் வாழும் உயிர்களைப் பற்றியும் எதுவும் இல்லை. மானாவாரி உழவருக்கு உயிர்நாடியான கேள்வி, பெய்த மழையை நிலம் எத்தனை நாள் வைத்திருக்கும் என்பது. ஒரு மீட்டர் ஆழமுள்ள மணற்பாங்கான மண் பயிருக்குக் கிட்டும் நீராக 25 முதல் 100 மில்லிமீட்டர் வரைதான் தேக்கும். களிமண் 175 முதல் 250 மில்லிமீட்டர் வரை தேக்கும். மழை இடைவெளியில் பயிர் பிழைக்குமா கருகுமா என்பதைத் தீர்மானிப்பது இந்த வேறுபாடு. அட்டையின் 12 எண்களில் ஒன்றும் இதைச் சொல்லாது.

இதைச் சொல்லக்கூடியது மண் ஆய்வு வரைபடம். அந்தப் பணியிலும் இந்தியா பின்தங்கிய நாடு அல்ல. அகில இந்திய மண், நிலப்பயன்பாட்டு ஆய்வு அமைப்பு 1950களிலேயே பணியைத் தொடங்கியது. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய மண் ஆய்வு, நிலப்பயன்பாட்டுத் திட்டமிடல் நிறுவனம் 1976இல் உருவானது. நாடு முழுவதையும் 10 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஆராய்ந்து, மாநிலம் வாரியாக 1:2,50,000 அளவில் மண் வரைபடங்களை அது வெளியிட்டது. மிகப் பெரிய அறிவியல் சாதனை அது. ஆனால் அந்த அளவில் வரைபடத்தின் ஒரு சென்டிமீட்டர் நிலத்தில் இரண்டரைக் கிலோமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டர் 625 ஹெக்டேர், அதாவது 1,500 ஏக்கருக்கும் மேல். நூற்றுக்கணக்கான குடும்பங்களின் நிலம் ஒரு விரல்நுனிக்குள் அடங்கிவிடுகிறது.

இப்போது 1:10,000 அளவில் விரிவான ஆய்வு நடந்துவருகிறது. இந்த அளவில் ஒரு சதுர சென்டிமீட்டர் ஒரு ஹெக்டேர். சிறு உழவரின் நிலத்தை அடையாளம் காட்டக்கூடிய அளவு இது. பணி முடிந்த பகுதிகளின் வரைபடங்களும் குழி விவரங்களும் அவ்வப்போதே எவரும் இறக்கிக்கொள்ளும் வடிவில் வெளிவர வேண்டும். அரசின் கொள்கையும் இதற்கு எதிரானதல்ல. 2012இன் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கையும் 2021 பிப்ரவரியில் வந்த புவிசார் தரவு வழிகாட்டுதல்களும், பொதுப்பணத்தில் உருவான, பாதுகாப்புத் தடையில்லாத தரவு எளிதில் கிடைக்க வேண்டும் என்றே சொல்கின்றன. கொள்கைக்கும் நடைமுறைக்கும் இடையிலான தூரம்தான் குறையவில்லை.

அமெரிக்கா வகுத்துக்கொண்ட எல்லை

அமெரிக்க வேளாண்மைத் துறை 1899இல் மண் ஆய்வைத் தொடங்கியது. 1930களில் புழுதிப் புயல்கள் நடுப்பகுதி மாநிலங்களின் மேல்மண்ணை அள்ளிச் சென்றபோது, 1935இல் மண் பாதுகாப்புக்கென்றே ஒரு துறை எழுந்தது. மாவட்டம் மாவட்டமாக அச்சிட்ட ஆய்வு நூல்கள் பல தலைமுறைகளாகப் பொதுமக்கள் கைக்குப் போயின. 2005 முதல் அவை ஒரே இணைய வரைபடத்தில், கட்டணமில்லாமல், இறக்கிக்கொள்ளும் வசதியோடு கிடைக்கின்றன. உழவர் மட்டுமல்ல, வீடு கட்டுபவர், கழிவுநீர்த் தொட்டி அமைப்பவர், சாலைப் பொறியாளர், பள்ளி ஆசிரியர் என்று பலரும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அந்த நாடு ஓர் எல்லையையும் தெளிவாக வகுத்திருக்கிறது. மண்ணின் நிலைத்த இயல்பு பொதுச்சொத்து. தனி உழவர் தன் தொழிலைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் வேளாண்மைத் துறைக்குத் தரும் தகவலோ காக்கப்பட வேண்டியது என்று 2008இன் பண்ணைச் சட்டம் சொல்கிறது. இந்தியா இந்த வரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறது. நிலைத்த இயல்பைக் காட்டும் தரவு எளிதில் கைக்கு வருவதில்லை. மாறும் எண்கள் உழவரின் பெயரோடு அச்சாகின்றன.

அமெரிக்க முறையும் குறையற்றதல்ல. பல பகுதிகளின் ஆய்வு பல பத்தாண்டுகள் பழையது. வரைபடத்தை அதன் அளவுக்கு மேல் பெரிதாக்கிப் பார்த்துத் தவறான முடிவுக்கு வருபவர்களும் உண்டு. அதனால்தான் ஓர் எல்லைக்கு மேல் பெரிதாக்கினால், இந்த அளவில் இது பொருந்தாமல் போகலாம் என்று அந்த இணையதளமே எச்சரிக்கிறது. திறந்த தரவுக்குத் துணையாக அதன் எல்லையையும் சொல்ல வேண்டும் என்ற பாடம் அதில் இருக்கிறது.

நம் பக்கத்திலேயே நல்ல முன்மாதிரி உண்டு. கர்நாடகத்தின் மூன்றாம் சுஜலா நீர்வடிப்பகுதித் திட்டத்தில் 1:7,920 அளவுள்ள கிராமப் புலப்படத்தை வைத்து, புலம் புலமாக மண்ணின் ஆழம், இழைநயம், சரளை, சரிவு ஆகியவற்றைப் பதிவுசெய்து, எந்தப் பயிர் பொருந்தும் என்று உழவர்களுக்கு அட்டையாகக் கொடுத்தார்கள். வரைபடமும் அட்டையும் சேர்ந்தே வந்ததுதான் அதன் பலம்.

தமிழ்நாட்டுக்கு இதைவிடப் பழைய முன்மாதிரி உண்டு. சென்னை மாகாண ரயத்துவாரி நிலவரித் திட்டத்தில் ஒவ்வொரு புலத்தின் மண்ணும் கரிசல், செம்மண், மணல் என்று வகுக்கப்பட்டு, தரம் நிர்ணயிக்கப்பட்டு, அதன்மேல் தீர்வை விதிக்கப்பட்டது. ‘அ’ பதிவேட்டில் மண் வயனமும் ரகமும், மண் தரம் என்ற கலங்கள் இன்றும் இருக்கின்றன. புல எண் தெரிந்த எவரும் இணையத்திலேயே அதைப் பார்க்கலாம். வரி வாங்குவதற்காகப் புலம்வாரி மண் தரவைத் திரட்டவும் காட்டவும் ஓர் அரசால் முடிந்திருக்கிறது. மண்ணைக் காப்பதற்காக அதையே செய்ய இயலாது என்ற வாதம் நிற்காது.

தயக்கங்களுக்கு மறுமொழி

தரவைத் திறப்பதில் தயக்கம் காட்டுபவர்கள் சொல்லும் காரணங்களைத் தட்டிக்கழிக்கக் கூடாது. உர நிறுவனங்களும் விதை நிறுவனங்களும் உழவரைவிட வேகமாக இதைப் பயன்படுத்திக்கொள்ளும் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் தரவைப் பூட்டிவைத்தால் நட்டப்படுவது சிறியவர்களே. பெரிய நிறுவனம் தன் செலவில் மாதிரி எடுத்துக்கொள்ளும், செயற்கைக்கோள் தரவை விலைக்கு வாங்கும். ஊர்க் கூட்டுறவுச் சங்கத்துக்கு அந்த வசதி இல்லை.

களர் நிலம், உவர் நிலம் என்று வெளியே தெரிந்தால் நிலத்தின் விலை சரியும், வங்கிக் கடன் தடைபடும் என்பது இன்னும் கனமான அச்சம். ஆகவேதான் எல்லை வகுக்க வேண்டும். மண் தொடர் வரைபடம் அனைவருக்கும் திறந்திருக்கட்டும். பரிசோதனை எண்களை உழவரின் பெயரையும் புல எண்ணையும் நீக்கி, இடக்குறிப்பைச் சற்றுப் பரவலாக்கி வெளியிடட்டும். ஒரு நிலத்தின் முழு விவரமும் அந்த உழவருக்கும், அவர் ஒப்புதல் பெற்றவருக்கும் மட்டும் கிடைக்கட்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டம் வந்துவிட்ட நிலையில், மண் தரவுக்கு இந்த விதியைத் தனியே எழுதிவைக்க வேண்டும். புல எண் கொடுத்தால் விவரம் காட்டும் மாநில முகப்புகளும் இந்த அளவுகோலுக்கு உட்பட வேண்டும்.

மாதிரிகள் சரியாக எடுக்கப்படவில்லை, குறையுள்ள தரவை எப்படி வெளியிடுவது என்பது இன்னொரு தயக்கம். குறை வெளியே தெரிந்தால்தான் திருந்தும். ஒரே இடத்தில் மீண்டும் மாதிரி எடுத்துச் சரிபார்த்த விவரமும் ஆய்வகத்தின் பெயரும் தரவோடு வெளிவந்தால், எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று படிப்பவரே முடிவுசெய்வார். ஆய்வகமும் கவனத்தோடு வேலை செய்யும்.

செய்ய வேண்டியவை

1:10,000 வரைபடம் முடிந்த ஊர்களின் தரவை உடனே திறந்துவிடுவது முதல் பணி. அட்டையின் முகப்பிலேயே, இது எத்தனை ஏக்கருக்கு எடுத்த மாதிரி, உங்கள் வயலிலிருந்து எவ்வளவு தொலைவில் எடுத்தது என்று பெரிய எழுத்தில் அச்சிடுவது இரண்டாவது. 2015 முதல் தன் நிலத்துக்கு வந்த அத்தனை அட்டைகளின் எண்களையும் உழவர் ஒரே பக்கத்தில் பார்க்க வழிசெய்வது மூன்றாவது. கரிமம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க முடிந்தால்தான் எண் அறிவாகும். உதவி வேளாண்மை அலுவலர் ஊர்க் கூட்டத்தில் அமர்ந்து வரைபடத்தைத் தமிழில் விளக்கிச் சொல்வது நான்காவது. திரையில் திறந்து கிடக்கும் தரவு, படித்துச் சொல்ல ஆளில்லாவிட்டால் பூட்டிக் கிடப்பதற்குச் சமம்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் இரண்டு கேள்விகளை எழுப்புங்கள்: நம் ஊர் மண்ணின் விரிவான ஆய்வு முடிந்துவிட்டதா, முடிந்திருந்தால் வரைபடம் எங்கே? அதைக் கேட்டுத் தீர்மானமாக எழுதி வேளாண்மைத் துறைக்கு அனுப்புங்கள். உங்கள் வரியில் வெட்டிய குழி, உங்கள் மண்ணிலிருந்து எடுத்த எண். அதைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.